மயக்க மருந்தும் மூச்சு வழியும்

காவிரிக் கரையைச் சார்ந்த நெசவாளர் சங்கமொன்றில் சென்ற ஆண்டு நாம் ஆய்வுக்கு அமர்ந்திருந்தபோது, நல நிதி உதவி கோரும் விண்ணப்பம் ஒன்று நம் முன் வைக்கப்பட்டது. விண்ணப்பித்தவர் ஐம்பத்திரண்டு வயதுடைய அங்கத்தினர், போர்வை நெய்பவர். பித்தப்பையில் கல் இருப்பதாகவும், அடுத்த வியாழக்கிழமை மாவட்டத் தலைநகரிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை நடைபெறும் என்றும் எழுதியிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு காது நோய்க்காக இதே நிதியிலிருந்து அவர் உதவி பெற்றவராதலின், விதிப்படி பழைய ஆவணக் கட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அக்கட்டில் ஆஸ்பத்திரி ரசீதுகளுக்கிடையே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. நகலன்று, அசல். ‘இக்கடிதத்தை வைத்திருப்பவருக்கு மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரின் கவனத்திற்கு’ என்று அது தொடங்கியது. இவருடைய நாக்கின் அடிப்பகுதியில் உள்ள சதைத் திரள் பெருத்திருப்பதால் குரல்வளை கண்ணுக்குத் தென்படவில்லை. மூச்சுக் குழாய்க்குள் குழாய் செலுத்த மூன்று முறை முயன்றும் இயலவில்லை. வேறு சாதனத்தால் மூச்சு காக்கப்பட்டு அவர் எழுப்பப்பட்டார். இனி எங்கு மயக்க மருந்து பெற நேரினும் இத்தாளை முதலில் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். அத்தாளின் ஓரத்தில் பச்சை மசியில் ஒரு குறியும் சுருக்கொப்பமும் இருந்தன. அவை நம்முடையவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கட்டை ஆய்வு செய்த நாம், ‘இணைப்புக்கள் சரி’ என்று குறித்துவிட்டு மேற்சென்றிருக்கிறோம். படிக்கவில்லை.

அங்கத்தினரை வரவழைத்தோம். அத்தாளைத் தம்மிடம் கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததற்கு அத்தாட்சிதானுங்களே ஐயா, அதனால்தான் சங்கத்தில் கொடுத்தேனுங்க” என்றார். புதிய ஆஸ்பத்திரியில் முன்பு ஏதேனும் ரண சிகிச்சை நடந்ததா என்று வினவியதற்கு, காதுக்கு நடந்தது, ஒரு தொந்தரவும் இல்லை என்று மறுமொழி கூறியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. முதல் நாள் ரண சிகிச்சை நடைபெறாமல் பத்து நாள் தள்ளிப்போனதும், இரண்டு நாள் தொண்டை வலித்ததும் அவருக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது.

கணக்குப் பார்க்க வந்தவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்கும் அங்கத்தினர் இருக்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் அன்று முதல் இப்பொருள் நம்மை விடவில்லை. டாக்டர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். ஆண்டுதோறும் நம் சங்கங்களின் வழியே எத்தனையோ குடும்பங்கள் ரண சிகிச்சைக்குப் பணம் பெறுகின்றன. பணம் எங்கே போகிறது என்று அறிந்த அளவுக்கு, அந்த மேசை மீது என்ன நடக்கிறது என்று நாம் அறிந்திருக்கவில்லை.

முழு மயக்கம் என்பது உறக்கமன்று. உறங்குபவன் மூச்சு விடுகிறான். எச்சில் இறங்கினால் விழுங்குகிறான் அல்லது இருமுகிறான். மயக்க மருந்து இரத்தத்தில் கலந்த ஓரிரு நிமிடங்களில் இவை யாவும் நின்றுபோகின்றன. நாக்கும் தொண்டைச் சதைகளும் தளர்ந்து பின்புறம் சரிந்து வழியை அடைக்கின்றன. வயிற்றில் வேலை செய்ய வேண்டிய ரண சிகிச்சைகளில் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. அதன்பின் மார்பே அசையாது. அந்நிலையிலிருந்து நோயாளி தாமே மூச்சு விடும் வரை, அவருக்காக வேறொருவர் மூச்சு விட வேண்டும். அந்த வேறொருவரே மயக்க மருந்து டாக்டர். வயிற்றைக் கீறுகிறவரின் பெயரை நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். தலைமாட்டில் நிற்பவரின் பெயரைக் கேட்டுக்கொள்வதுகூட இல்லை.

மூச்சு விடச் செய்வதற்கு வழிகள் சில உண்டு. முகத்தின் மீது மூடியை அழுத்திப் பிடித்துப் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்துவது ஒன்று. தொண்டைக்குள் குரல்வளை வாயின்மீது பொருந்தி அமரும் மெத்தென்ற மூடியைச் செருகுவது மற்றொன்று. லாரிஞ்ஜியல் மாஸ்க் என்று வழங்கும் இச்சாதனத்தை ஆர்ச்சி பிரெயின் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1981-இல் உருவாக்கினார். 1988-இல் விற்பனைக்கு வந்தபின் உலகெங்கும் பரவியது. மூன்றாவது, லாரிங்கோஸ்கோப் என்னும் விளக்குப் பொருத்திய கருவியால் நாக்கைத் தூக்கி, குரல்நாண்களைக் கண்ணால் கண்டு, அவற்றினிடையே மூச்சுக் குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துவது. இதுவே உறுதியானது. வயிற்றிலிருந்து மேலே வரும் புளித்த நீர் நுரையீரலுக்குள் இறங்காதபடி காப்பதும் இதுவே.

பெரும்பாலோரிடம் இவையெல்லாம் கண நேரத்தில் முடிந்துவிடுகின்றன. சிலரிடம் முடிவதில்லை. குழாய் செல்லவேண்டிய துவாரம் தென்படாது. அல்லது தென்பட்டும் குழாய் திரும்பாது. அல்லது மூடியைப் பிடித்துப் பையை அமுக்கினாலும் காற்று இறங்காது. குழாயும் செல்லாமல், மூடியாலும் காற்று இறங்காமல் போகும் நிலை மிக அரிது. ஆனால் அது நேர்ந்தால் காலம் நிமிடங்களாகக்கூட இல்லை.

எவ்வளவு காலம் உண்டு என்பதை விவசாயிகளுக்குத் தொட்டிக் கணக்காகச் சொல்லலாம். மூச்சை இயல்பாக வெளிவிட்டபின்பும் வளர்ந்தவர் நுரையீரலில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் காற்று மிஞ்சி நிற்கிறது. உடல் நிமிடத்திற்குக் கால் லிட்டர் அளவு பிராணவாயுவைச் செலவிடுகிறது. சாதாரணக் காற்றில் பிராணவாயு ஐந்தில் ஒரு பங்கே ஆகையால், தொட்டியிலுள்ளது அரை லிட்டர்தான். ஓரிரு நிமிடத்தில் அபாயம் வந்துவிடும். அதே தொட்டியை முன்கூட்டியே தூய பிராணவாயுவால் நிரப்பிவிட்டால், நல்ல உடல் நலமுள்ளவருக்கு எட்டு நிமிடம் வரையிலும் தாங்கும். மயக்கம் கொடுக்குமுன் முகத்தில் மூடியை வைத்து, நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள் என்று சொல்கிறார்களே, அது இத்தொட்டியை நிரப்பும் வேலை. மூடி வைத்தால் மூச்சு முட்டுவதுபோல் தோன்றுகிறது என்று அதைத் தள்ளிவிடும் நோயாளிகள் உளர். தள்ளக்கூடாது. பருத்த உடலினருக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் தொட்டி சிறிது அல்லது செலவு பெரிது. அவர்களுக்குக் கிடைக்கும் காலம் இதனினும் வெகு குறைவு.

பிராணவாயு இரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்பதை விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும். 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்திற்குப் பின் அக்கருவியை அறியாத ஊர் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருப்பது நலம். தொண்ணூறுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், சரிவு படிக்கட்டாக இராது, கிணற்றில் விழுவதுபோல இருக்கும்.

மூச்சு வழி கடினமானவர் யார் என்பதை முன்னரே அறிய முடியாதா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் ஆந்திர நாட்டில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பாடி. நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தென்படுகின்றன என்பதைக் கொண்டு வகை பிரிக்கலாம் என்று 1985-இல் அவர் எழுதினார். இன்று உலகில் எந்த ஆஸ்பத்திரியிலும் மயக்க மருந்து டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வது இந்தத் தெலுங்கு நாட்டவரின் பெயரால் வழங்கும் சோதனைக்காகவே. அதனோடு கழுத்தைப் பின்னே சாய்க்கச் சொல்வார்கள், தாடைக்கும் தொண்டைக் குமிழுக்கும் உள்ள தொலைவைப் பார்ப்பார்கள், பற்களைப் பார்ப்பார்கள். வெற்றிலைப் பாக்கும் புகையிலையும் பான் மசாலாவும் ஓயாது மென்றதால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் இரண்டு விரற்கடைகூடத் திறவாதவர்களை நம் நாட்டு டாக்டர்கள் அடிக்கடி காண்கிறார்கள். தறியில் அமர்ந்தபடி வாயில் எதையாவது அடக்கிக்கொள்ளும் நம் அங்கத்தினர் சிலர் இவ்வரியை இருமுறை படிப்பார்களாக.

ஆனால் இச்சோதனைகளை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. டென்மார்க் தேசத்தில் மயக்க மருந்து பெற்ற 1,88,064 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. குழாய் செலுத்துவது உண்மையில் கடினமாயிருந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர், கடினம் என்று முன்கூட்டி எதிர்பார்க்கப்படாதவர்கள்! கடினமாயிருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவர்களிலோ, நால்வரில் ஒருவருக்கே அப்படி இருந்தது. நம் போர்வை நெசவாளர் வாயைத் திறந்தால் யாவும் ஒழுங்காகவே தெரியும். நாக்கின் அடியில் மறைந்துள்ள சதையை எந்த விளக்கும் வெளியிலிருந்து காட்டாது. ஒருமுறை முயன்று பார்த்துத் தோற்றவருக்கே அது தெரியும். அவர் எழுதி வைத்தால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

எதிர்பாராதது நேர்ந்தபோது நடந்த ஒரு சம்பவம் இத்துறையில் யாவரும் அறிந்ததாகிவிட்டது. இங்கிலாந்தில் 2005 மார்ச்சு 29-ஆம் நாள், முப்பத்தேழு வயதான ஒரு மாது, இரு சிறு குழந்தைகளின் தாய், மூக்கறைச் சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவ மனைக்குச் சென்றார். உடல் நலத்தில் வேறு குறை இல்லை. காலை 8.35 மணிக்கு மயக்க மருந்து செலுத்தப்பட்டது. லாரிஞ்ஜியல் மாஸ்க் பொருந்தவில்லை. இரண்டு நிமிடத்திற்குள் உடல் நீலம் பாரிக்கத் தொடங்கியது. பிராணவாயு அளவு 75-க்கும், சற்று நேரத்தில் 40-க்கும் வீழ்ந்தது. முகமூடியாலும் காற்று இறங்கவில்லை. குழாய் செலுத்த முயன்றார்கள், முடியவில்லை. அடுத்த அறையிலிருந்து மற்றொரு மயக்க மருந்து டாக்டர் ஓடிவந்தார். காது மூக்கு தொண்டை நிபுணரும் அங்கேயே இருந்தார். அனுபவம் மிக்க மூவர், கருவிகளுக்குக் குறைவில்லை.

அவர்கள் செய்தது யாதெனில், குழாயைச் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றதே. இருபது நிமிடத்திற்கு மேல் முயன்றார்கள். தொண்டையில் துளையிடுவதற்கான கருவித் தட்டு ஒன்றை ஒரு நர்ஸ் கொண்டுவந்து, இதோ இருக்கிறது என்று சொன்னார், எவரும் செவிகொடுக்கவில்லை. மற்றொரு நர்ஸ் நோயாளியின் நிறத்தைக் கண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஏற்பாடு செய்துவிட்டு வந்து தெரிவித்தார். நீ மிகைப்படுத்துகிறாய் என்பது போன்ற பார்வையே கிடைத்தது. ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டார். செய்ய வேண்டியது இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்பதே தெரியவில்லை என்று பின்னர் வெளிப்பட்டது. அந்த அம்மையார் கண் விழிக்காமலே பதின்மூன்றாம் நாள் இறந்தார்.

இறந்தவரின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமான ஓட்டி. விமான விபத்து நேர்ந்தால் யார் கேட்டாலும் கேளாவிட்டாலும் விசாரணை நடைபெறும். இங்கும் அவ்வாறே நடைபெறும் என்று எண்ணிக் கேட்டவருக்கு, வழக்குத் தொடுத்தாலன்றி அவ்வழக்கம் இல்லை என்ற விடை வந்தது. அவர் வழக்கு வேண்டாம், விசாரணை வேண்டும் என்றார். அப்போது பிரிட்டிஷ் மயக்க மருந்து டாக்டர்கள் சங்கத் தலைவராயிருந்த பேராசிரியர் மைக்கேல் ஹார்மர் விசாரித்து அறிக்கை அளித்தார். பெயர்களை மறைத்து அவ்வறிக்கையை எல்லோரும் படிக்கும்படி செய்தார் புரோமிலி. அந்த டாக்டர்கள் வேலைக்குத் திரும்பியதையும் அவர் வரவேற்றார். இப்பாடத்தைக் கற்றவர்கள் முன்னிலும் நல்ல டாக்டர்களாயிருப்பார்கள் என்பது அவர் எண்ணம். 2007-இல், மனிதர் தவறும் விதங்களை மருத்துவத் துறை ஆராயவேண்டும் என்பதற்காக ஓர் அமைப்பை நிறுவினார். இதற்காக 2016-இல் பிரிட்டிஷ் அரசு அவரைக் கௌரவித்தது.

விமான ஓட்டிக்கு இது ஏன் விளங்கிற்று என்பதற்கும் காரணம் உண்டு. 1978 டிசம்பர் 28-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு வந்த யுனைடெட் கம்பெனி விமானமொன்றில் சக்கரம் இறங்கியதா என்று சந்தேகம் எழுந்தது. தலைமை விமானி அதையே கவனித்தபடி ஒரு மணி நேர அளவு நகரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைகிறது என்று உடனிருந்தவர்கள் குறிப்பாகச் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. எண்ணெய் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். ஒன்றையே பற்றிக்கொண்ட மனம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பெரியவர் ஒருவர் முனைந்து நிற்கும்போது சிறியவர் வாய் எழுவதில்லை. இதன் பிறகுதான் விமானப் பணியாளர்களுக்கு, கீழிருப்பவர் தெளிவாகச் சொல்லவும் மேலிருப்பவர் கேட்கவும் பயிற்சி ஏற்பட்டது. நம் சங்க நிர்வாகக் குழுக் கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்த அனுபவத்தால் சொல்கிறோம்: தலைவர் பேசி முடித்தபின் இருப்புக் குறைவைக் குறிப்பிடாமல் மௌனம் காத்த குமாஸ்தாக்கள் பலர்.

மீண்டும் மீண்டும் முயல்வதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். சிக்கு விழுந்த நூலை இழுக்க இழுக்க முடிச்சு இறுகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கருவி பட்டுத் தொண்டை வீங்குகிறது. இரத்தம் கசிந்து பார்வையை மறைக்கிறது. முதலில் முகமூடியால் இறங்கிக்கொண்டிருந்த காற்றும் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முயற்சியும் அடுத்த முயற்சியைக் கெடுக்கிறது.

ஆகவே வைத்தியர்கள் ஒழுங்குமுறை வகுத்தனர். இங்கிலாந்தில் கடின மூச்சு வழிக்கென்றே 1995-இல் தோன்றிய சங்கம் 2004-இல் ஒரு வழிமுறையை வெளியிட்டது. அது வெளியான மறு ஆண்டே மேற்கூறிய மரணம் நேர்ந்தது என்பதை நோக்க, அச்சிட்ட விதி அறைக்குள் வருவதற்கு எவ்வளவு காலமாகிறது என்பது புலனாகும். நம் சுற்றறிக்கைகளும் அப்படித்தானே! 2015-இல் அதைத் திருத்தி, நான்கு படிகளாகச் சொன்னார்கள். முதற்படி, குழாய் செலுத்த முயல்வது. மூன்று முறைக்கு மேல் கூடாது. கைதேர்ந்த மற்றொருவர் வந்தால் அவர் ஒருமுறை முயலலாம். முடியாவிட்டால், முடியவில்லை என்று வாய்விட்டு அறிவிக்க வேண்டும். இரண்டாம் படி, லாரிஞ்ஜியல் மாஸ்க் போன்ற சாதனத்தால் பிராணவாயு கொடுப்பது. அது பொருந்தினால் நின்று யோசிக்க வேண்டும்: நோயாளியை எழுப்பிவிடலாமா என்பதே முதல் யோசனை. மூன்றாம் படி, முகமூடியால் கடைசி முயற்சி. அதுவும் பலிக்காவிட்டால் நான்காம் படி: தாமதியாமல் கழுத்தின் முன்புறத்தில், தொண்டைக் குமிழுக்குக் கீழே இரு குருத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சவ்வைக் கத்தியால் கீறி, ஒரு வழிகாட்டிக் கம்பியின்மேல் சிறு குழாயைச் செலுத்திவிட வேண்டும்.

கழுத்தைக் கீறுவது என்று கேட்டால் நமக்கு உடல் நடுங்குகிறது. டாக்டர்களுக்கும் கை நடுங்கத்தான் செய்கிறது; பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட அதைச் செய்ய நேர்வதில்லை. அதனால்தான் பொம்மைகளின்மீது பழகிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் 2008 செப்டம்பர் முதல் ஓராண்டுக் காலம் எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் மூச்சு வழி விபத்துக்களைத் தொகுத்து 2011-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில், ஊசியால் துளையிட்டு மூச்சு வழி உண்டாக்க முயன்றவற்றுள் பாதிக்கு மேல் தோல்வியுற்றதாகக் காணப்பட்டது. கத்தியே உறுதியானது என்று இப்போது சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூச்சு வழியில் பெருந்தீங்கு நேர்வது 22,000 முழு மயக்கங்களுக்கு ஒன்று என்றும் அவ்வறிக்கை கணக்கிட்டது. ஆகவே ரண சிகிச்சைக்குச் செல்லும் எவரும் இக்கட்டுரையைப் படித்து அஞ்சிப் பின்வாங்க வேண்டியதில்லை. பித்தப்பைக் கல்லைக் கவனியாமல் விடுவது இதனினும் எத்தனையோ மடங்கு அபாயம்.

நம் நாட்டிலும் இத்துறைக்கென்று அமைந்த அகில இந்திய டாக்டர் சங்கம் 2016-இல் தன் வழிமுறைகளை வெளியிட்டது. நம் ஆஸ்பத்திரிகளின் நிலைமைக்கேற்ப அமைந்த அதிலும், பிராணவாயு குறையுமுன் முயற்சியை நிறுத்துவதும் முயற்சிகளுக்கு எல்லை வகுப்பதுமே அடிப்படை.

முதல் ஆஸ்பத்திரியில் நம் நெசவாளரைக் காத்தது இத்தகைய ஒழுங்கே என்று இப்போது விளங்குகிறது. மூன்று முறை முயன்றார்கள், நின்றார்கள், மாஸ்க்கால் மூச்சைக் காத்தார்கள், ரண சிகிச்சையைக் கைவிட்டு அவரை எழுப்பினார்கள். பத்து நாள் தள்ளிப்போயிற்று என்று குடும்பத்தார் அன்று மனம் நொந்தார்களாம். பிறகு ஆயத்தத்துடன் முடித்து, போகும்போது தாளையும் கையில் கொடுத்தார்கள். அத்தாளைக் கொடுக்க வேண்டும் என்பதும் விதியின் ஒரு பகுதி. அதில் எழுதியிருப்பதை நோயாளிக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியது மட்டுமே விட்டுப்போயிற்று. அந்தக் குறையும், படிக்காமல் பச்சை மசியிட்ட நம் குறையும் சேர்ந்து, ஐந்தாண்டு கழித்து மற்றொரு டாக்டரை அதே சுவரில் மோதவைக்க இருந்தன.

மயக்க மருந்து டாக்டர் கேட்கும்போது அங்கத்தினர்கள் சொல்ல வேண்டியவற்றையும் இங்கே குறித்துவிடுகிறோம். முன்பு எந்த ரண சிகிச்சை நடந்திருந்தாலும், அது ஏன் தள்ளிப்போயிற்று, பிறகு தொண்டை வலித்ததா, பல் உடைந்ததா, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்களா என்பதெல்லாம் சொல்லத் தக்கன. இரவில் பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் உண்டானால், அதை மனைவிதான் அறிவார்; அவரையும் அழைத்துச் செல்க. கழுத்தில் கட்டி, பழைய தீக்காயத் தழும்பு, கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை, ஆடும் பல், கட்டின பல் ஆகியவற்றை மறைக்கலாகாது. பட்டினி விஷயத்தில் நம்மவர் செய்யும் ஏமாற்று ஒன்றுண்டு. விடியற்காலையில் ஒரு டம்ளர் பால் காப்பி தானே என்று குடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்பது. கெட்டி ஆகாரத்திற்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொது விதி. வழி கடினமாகி டாக்டர் போராடும் நிமிடத்தில் அந்தக் காப்பி மேலெழுந்து நுரையீரலில் இறங்கும்.

நம் அங்கத்தினர் மறுநாளே அசல் தாளைக் கொண்டுபோய்ப் புதிய ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டாக்டரிடம் கொடுத்தார். சங்கக் காரியதரிசியும் உடன் சென்றார். டாக்டர் அதை இருமுறை படித்துவிட்டு, வியாழக்கிழமை வேண்டாம், திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நுனியில் காமிரா பொருந்திய வளையும் குழாய்க் கருவியையும், துணைக்கு மற்றொரு டாக்டரையும் அதற்குள் ஏற்பாடு செய்துகொண்டார். அன்று நடந்ததை நெசவாளரே நமக்குச் சொன்னார். மயக்கம் கொடுக்கவில்லையாம். தொண்டையையும் மூக்கையும் மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தெளித்து, விழித்திருக்கும்போதே, அவரே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, மூக்கு வழியாக அக்கருவியை மெல்ல இறக்கிக் குரல்வளையைத் திரையில் கண்டு, அதன்மேல் குழாயை நழுவவிட்டிருக்கிறார்கள். குழாய் நிலைபெற்றது என்று உறுதியான பிறகே மருந்து ஏறியது.

“மூக்கணாங்கயிறு குத்தின காளை மாதிரி கண்ணில் தண்ணி வந்துதுங்க ஐயா, ஆனால் வலியில்லைங்க” என்றார். ஆறாம் நாள் வீடு திரும்பி, ஒரு மாதம் கழித்துத் தறியேறினார்.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: நல நிதி விண்ணப்பத்துடன் வரும் ஆஸ்பத்திரித் தாள்களில் நகல் மட்டுமே கட்டில் வைக்கப்படும்; அசல் அன்றே அங்கத்தினரிடம் திருப்பித் தரப்பட்டுப் பதிவேட்டில் ஒப்பம் பெறப்படும்; ஆங்கிலத்தில் உள்ளதைக் காரியதரிசி படித்துப் பொருள் கூறுவார். பழைய கட்டில் இப்போது அத்தாளின் நகல் இருக்கிறது. பச்சை மசிக் குறியும் நகலில் விழுந்துள்ளது. அசல் அவர் வீட்டுத் தகரப் பெட்டியில், சங்கப் பாஸ் புத்தகத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. சென்ற வாரம் போனபோது கேட்டுப் பார்த்துவிட்டு வந்தோம்.